பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்?

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி வட்டாரங்களில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சோறு வடித்து, தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளை மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு ஜீப்புக்கு நிற்பார்கள். குமுளி வழியோ, கம்பம்மெட்டு வழியோ, போடிமெட்டு வழியோ, ஏறிப்போனால் தோட்டம் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை. காயெடுப்பு முடித்து மலையிறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். வந்ததும் அடுப்பு, பிள்ளைகள், மகளிர் குழுத் தவணை. இப்படி ஒரு வீட்டுக்குக் காலை பத்து மணிக்கு மருத்துவ மாணவர் ஒருவர் நோட்டும் ரத்த அழுத்தக் கருவியுமாக வந்து நின்றால் கதவைத் திறப்பவர் யார்? பாட்டி. இல்லையென்றால் பூட்டு.

இது சும்மா எழுப்பும் கேள்வி இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எம்.பி.பி.எஸ். படிப்பில் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைச் சேர்த்தது. ஒவ்வொரு மாணவரும் மூன்று முதல் ஐந்து கிராமக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, படிப்பின் முதல் மூன்று கட்டங்களிலும் தொடர்ந்து போய்வர வேண்டும். முதல் கட்டத்துக்கு 27 மணி நேரம், இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 21. ஆக 78 மணி நேரம். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு 100 இடங்கள். தலைக்கு மூன்று குடும்பம் என்று குறைத்துப் போட்டாலும் ஒரு வகுப்புக்கு 300 வீடுகள் வேண்டும். ஐந்து வகுப்புகள் கடந்தால் 1,500. ஒரு மாவட்டத்தின் கிராமங்களையும் ஒரு கல்லூரியையும் இந்த அளவுக்கு நெருக்கி வைக்கும் ஏற்பாடு அரிது. அதனால்தான் அது எப்படி நடக்கிறது என்பதில் ஊருக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

நோயாளியின் மொழி, சாப்பாடு, வேலை, நம்பிக்கை, கூச்சம், பயம் ஆகியவற்றை அறிந்து, அவர் ஏற்கும்படி மருத்துவம் செய்யும் ஆற்றலுக்குக் கல்வியாளர்கள் பண்பாட்டுத் திறன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் இது வராது, சமூகப் பணியில்தான் வரும் என்பது இத்தகைய திட்டங்களின் அடிப்படை. அந்த அடிப்படையோடு எனக்குச் சண்டை இல்லை. என் வாதம் வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் திறன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களைக் கல்லூரிகள் இன்னும் ஆசிரியர்களாகப் பார்க்கவில்லை. சேவை பெறுபவர்களாகவே பார்க்கின்றன.

யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கம்பத்தில் காப்பிலியர் வீடுகளில் உள்ளே கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். ராஜகம்பளத்தார் வீடுகளில் தெலுங்கு. உத்தமபாளையம் ராவுத்தர் தெருவில் பேச்சு தமிழ்தான், ஆனால் பிரசவம், துக்கம், நோன்பு சார்ந்த வழக்கங்கள் வேறு. ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவர்களின் நாட்காட்டி வேறு. தோட்டத்துக்குப் போகும் பெண் கங்காணியிடம் ஒரு மாதிரியும், மலையாளி முதலாளியிடம் இன்னொரு மாதிரியும், குமுளி ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாதிரியும் பேசிக் காரியம் முடித்து வருகிறார். ஒரே நாளில் இரண்டு மாநிலம், இரண்டு மொழி, இரண்டு வகை மருத்துவமனை. இதற்குச் சான்றிதழ் தருகிற கல்லூரி எதுவும் இல்லை.

பளியர்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். வருசநாட்டு மலை, கூடலூர் அருகே பளியன்குடி, போடி, பெரியகுளம் மலைச்சரிவுகள் என்று இந்த மாவட்டத்தின் விளிம்பெல்லாம் அவர்கள் இருக்கிறார்கள். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களில் தமிழகப் பளியர்களிடையே தங்கி ஆய்வைத் தொடங்கினார். சச்சரவு என்றால் எதிர்த்து நிற்காமல் ஒதுங்கிப் போய்விடுவது, குறைவாகப் பேசுவது, யாரையும் அதட்டாமல் இருப்பது ஆகியவை அவர் கண்ட முக்கியப் பண்புகள். காட்டு வாழ்க்கையிலும் சமவெளித் தமிழர் வாழ்க்கையிலும் மாறி மாறிப் புழங்கும் வல்லமை பளியர்களுக்கு உண்டு என்பது 2000-ல் வெளிவந்த அவருடைய நூலின் மையக் கருத்து. இப்போது பத்து மாணவர்கள் ஒரே குடியிருப்பில் இறங்கி, சத்தமாகப் பெயர் கூப்பிட்டு, வரிசையாக உட்காரவைத்து, அச்சடித்த படிவத்தில் அறுபது கேள்வி கேட்டால் என்ன ஆகும்? யாரும் கோபப்பட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், அல்லது அடுத்த முறை பேருந்துச் சத்தம் கேட்டதும் காட்டுக்குள் போயிருப்பார்கள். படிவத்தில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று பதிவாகும். இரண்டு பண்பாட்டில் நடக்கத் தெரிந்தவர் ஒருவர், ஒன்றில் மட்டும் நடக்கத் தெரிந்தவர் ஒருவர், மதிப்பெண் பின்னவருக்கு.

பத்து மணிக்கு வீட்டில் இல்லாத பெண்ணிடம் திரும்ப வருவோம். அவரைச் சந்திக்காமல் இந்தப் பள்ளத்தாக்கின் நோய்களைப் படிக்க முடியாது. கழிப்பறை இல்லாத தோட்டச் சரிவில் வேலை பார்ப்பவர் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் தாக்குப்பிடிக்கப் பழகியிருப்பார். அவருக்கு வரும் நீர்க்கடுப்புக்கு மாத்திரையோடு 'நிறையத் தண்ணீர் குடிங்க' என்று எழுதிக்கொடுப்பது மருத்துவமா, கேலியா? ஏலத்துக்கு மருந்தடிப்பு அடிக்கடி நடக்கும். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைக்கும் அப்படித்தான். அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினோம். கொடிப் பந்தலுக்கு அடியில் தலைக்கு மேல் மருந்து தெளிப்பவரின் கண் எரிச்சலையும் தலைச்சுற்றலையும் யாராவது தொடர்ந்து பதிவு செய்தால் அதுவும் கொண்டாடத் தக்கதே. சர்க்கரை நோய்க்கு 'சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை' என்கிற சீட்டு, நாலு மணிக்குச் சமைத்து, ஜீப்பில் குலுங்கி, தோட்டத்தில் கங்காணி சொல்லும் நேரத்தில் சாப்பிடுகிறவருக்கு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் மாத்திரையை விட்டுவிட்டால் நோயாளி சொன்னபடி கேட்கவில்லை என்று குறிப்பேட்டில் ஏறும்.

இந்த நேரக் கணக்கு தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பலம் மாத்திரைப் பெட்டியைக் காட்டிலும், பெட்டியைச் சுமப்பவர் அதே ஊர்க்காரர் என்பதில்தான் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரியும், எந்த வீட்டில் மருமகளிடம் தனியாகப் பேச வேண்டும், எந்த வீட்டில் குடி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தித் தெரிந்ததில்லை. ஆனால் மாணவர்கள் வரும் நாளில் அவருக்குக் கிடைக்கும் வேலை வழிகாட்டுவது மட்டும்தான்.

அம்மை போட்ட வீடு

பண்பாடு என்றதும் சடங்கு, நம்பிக்கை என்று போய்விடுவது படித்தவர்களின் வழக்கம். சமூக மருத்துவத்துக்கு மாணவர்கள் நம்பியிருக்கும் பார்க் புத்தகத்திலும் பண்பாட்டுக் காரணிகள் ஒரு பகுதியாக வருகின்றன. தேர்வுக்குச் சிறுகுறிப்பாக எழுதி முடித்துவிடலாம். தேர்வு முடிந்து வீரபாண்டிக்கு வந்தால் அந்தச் சிறுகுறிப்பு போதாது.

சித்திரையில் முல்லையாற்றங்கரையில் நடக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கே திரண்டு வரும். அக்கினிச்சட்டி எடுப்பார்கள், ஆயிரங்கண் பானை எடுப்பார்கள். அம்மை தணிந்ததற்கும் கண்பார்வை காப்பாற்றப்பட்டதற்கும் நேர்ந்துகொண்டவை இவை. கண் இழந்த பாண்டியன் இங்கே பார்வை பெற்றான் என்பது தலபுராணம். பெரியம்மை இந்தியாவை விட்டுப் போய் ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன; நாட்டின் கடைசி நோயாளி 1975-ல். சின்னம்மை இருக்கிறது. சின்னம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை தொங்கும். தாளிக்க மாட்டார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீடு பழைய நிலைக்கு வரும்.

இதில் மாணவர் என்ன செய்ய வேண்டும்? மூடநம்பிக்கை என்று வாசலில் நின்று பிரசங்கம் செய்பவர் தோற்பார். எல்லாம் முன்னோர் அறிவியல் என்று பூரித்துப்போகிறவரும் அவருக்குச் சளைத்தவர் இல்லை. நோயாளியைத் தனிமைப்படுத்துவதை அந்த வீடு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது; அதில் கல்லூரி சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு மூன்றுதான். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா? அம்மை போட்டிருப்பவர் பெரியவரா, முத்து எழும்பி எத்தனை மணி நேரமாகிறது? மூச்சு வாங்குகிறதா? பெரியவர்களுக்கு முதல் நாளிலேயே மருந்து தொடங்கினால் பலன் அதிகம் என்பதை ஆத்தாளைக் குறைத்துப் பேசாமல் சொல்ல முடியும். அனுபவமுள்ள செவிலியர்கள் அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தோடு மல்லுக்கட்டாமல், 'சீனித் தண்ணிக்குப் பதிலா சீம்பாலைத் தொட்டு வைக்கச் சொல்லுங்களேன், பெரியவுங்க கையாலயே' என்று நயமாகத் திருப்பத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

இந்த நயம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. 1986-ல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. கொடுமை உண்மை. அதை வெளியே கொண்டுவந்ததும் தேவையானது. ஆனால் அதற்குப் பிறகு வந்த அதிகாரிகள், ஆய்வாளர்கள், படக்கருவிக்காரர்கள் பலருக்கு ஒரு சமூகத்தின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் மறுபடியும் கணக்கெடுக்கப்பட்டார்கள். வரதட்சிணை ஏன் இப்படி ஏறியது, பாசனம் வந்து பணப்பயிர் வந்த பிறகு பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு எப்படி மாறியது என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. வேண்டாத பெண்குழந்தையை அரசிடம் விட்டுச் செல்ல வழிசெய்து 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தேனிக்கும் மதுரைக்கும் வந்தது. தருமபுரியில் வேறு மாதிரி முயன்றார்கள்: 1990-களின் பிற்பகுதியில் உள்ளூர்க்காரர்களே நடித்த வீதி நாடகங்கள் ஊர் ஊராகப் போயின. தொட்டில் குழந்தையைக் காப்பாற்றும், சரி. தாயிடம் பேச்சுக் கொடுக்க நாடகம் போன்ற ஒன்றுதான் வேண்டியிருந்தது. இன்று ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு வீட்டில் மாணவர் போய் 'உங்களுக்கு எத்தனை குழந்தைகள், எத்தனை உயிரோடு இருக்கின்றன' என்று படிவத்தைப் பார்த்தபடி கேட்டால், அந்தக் கேள்வியின் நாற்பதாண்டுப் பாரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கேட்பது அறியாமை. தெரிந்தும் அப்படியே கேட்பது முரட்டுத்தனம்.

தெருவும் வெள்ளைக் கோட்டும்

சாதியைப் பற்றிப் பாடத்திட்டங்கள் கூச்சப்படுகின்றன. ஊர் கூச்சப்படாது. கல்லூரிப் பேருந்து எங்கே நிற்கிறது, யார் வீட்டுத் திண்ணையில் மாணவர்கள் உட்கார்கிறார்கள், யார் மோர் கொடுத்தார்கள் என்பதை மாலைக்குள் இரு தெருக்களும் பேசி முடித்திருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் வாங்கிய பட்டியலைக் கொண்டு குடும்பங்களைப் பிரித்தால் நெருக்கமான, வசதியான தெருக்கள் முதலில் தீரும். காலனி கடைசியில் வரும், அல்லது தனி நாளில் முகாமாக வரும். 1989 போடி சாதிக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மாணவர்களிலும் சாதி இருக்கிறது. எந்த மாணவர் எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத, ஆனால் ஊர் போடுகிற முதல் மதிப்பெண்.

வெள்ளைக் கோட்டும் அப்படித்தான். குறுகிய தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் கோட்டுப் போட்டவர்கள் மூன்றாவது முறையாகப் போனால், அந்த வீட்டில் என்னவோ இருக்கிறது என்றுதான் தெரு முடிவு செய்யும். எச்.ஐ.வி. பரவல் அதிகம் என்று தேனி பேசப்பட்ட காலத்தைக் கடந்து வந்த மக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆண்டிபட்டியில் தொழுநோயாளிகளோடும் காசநோயாளிகளோடும், பிறகு எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களோடும் பணியாற்றிய ஆரோக்கிய அகம் போன்ற அமைப்புகளின் அனுபவத்தில் மாணவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் ரகசியம். யாருக்கும் தெரியாமல் ஒருவரைச் சந்திப்பது எப்படி, கேட்டதைப் பேருந்தில் பேசாமல் இருப்பது எப்படி. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்பது ஒரு பைசா செலவில்லாத சீர்திருத்தம். செவிலிய மாணவிகள் பையைத் திறப்பதற்கு முன் தரையில் செய்தித்தாளை விரித்து, கைகழுவி, வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் தொடங்குவார்கள். வீட்டுப் பார்வை என்பது அவர்கள் படிப்பில் பல பத்தாண்டுகளாக ஊறிய விஷயம். தேனியிலேயே அரசு செவிலியர் கல்லூரி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர் முதல் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒரு மூத்த செவிலிய மாணவியின் பின்னால் நடந்து போகட்டுமே. இதை எழுதும்போதே சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அந்தச் சுளிப்பும் பண்பாட்டுத் திறன் சார்ந்த பிரச்சினைதான்.

நாம் முன்பே பார்த்த பாதை

மருத்துவர்களைக் கிராமத்துக்குப் பழக்கும் ஆசை இந்தியாவுக்குப் புதிதல்ல. 1946-ல் போர் (Bhore) குழு சமூக மருத்துவர்களை உருவாக்க மூன்று மாதப் பயிற்சி கேட்டது. 1977-ல் மருத்துவக் கல்வியை மறுசீரமைக்கும் திட்டம் ஒன்று வந்து, ஒவ்வொரு கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பேற்கச் சொன்னது. வண்டிகள் வந்தன, பிறகு நின்றன. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுதோறும் முகாம் நடத்தி, கோயில் வளாகம் கூட்டி, மரக்கன்று நட்டு, பொது மருத்துவ முகாமில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. அதில் நல்ல நட்புகள் உண்டாகியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஊரிடம் கற்றது என்னவென்று யாரும் தேர்வு வைத்ததில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. வத்தலக்குண்டு தாண்டிப் போனால் எட்டிவிடும் தூரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளவயதில் கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். அவரும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் அதைத் தொடங்கினார்கள். ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தின் தொடர்ச்சியாக 1964-ல் அங்கே கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் உருவானது. சுகாதாரக் கல்வியாளர்களைப் பயிற்றுவிக்கும் பட்டயப் படிப்பை நாட்டில் நடத்திவரும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. அதே காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுத்தான் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1990-களின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிக்குப் போனார்கள். அங்கே மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் முதலாண்டு மாணவர்களைச் சில வாரங்கள் கிராமத்திலேயே தங்கவைக்கும் வழக்கம் உண்டு. இந்த எல்லா இடங்களிலும் இருந்தது ராத்தங்கல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊர் வேறு முகம் காட்டும் என்பது தங்கியவர்களுக்கே தெரியும்.

வெளிநாட்டிலும் பண்பாட்டுத் திறனைப் பற்றிய எண்ணம் மாறியிருக்கிறது. 1998-ல் மெலனி டெர்வலான், ஜேன் மர்ரே-கார்சியா என்ற அமெரிக்க மருத்துவர்கள், இன்னொருவர் பண்பாட்டைக் கற்று முடித்துவிட்டேன் என்று சொல்லும் திறனைவிட, வாழ்நாள் முழுவதும் தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ளும் பணிவுதான் மருத்துவருக்கு வேண்டும் என்று வாதிட்டார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆர்தர் க்ளைன்மன் என்ற மனநல மருத்துவர் நோயாளியிடம் கேட்க எளிய கேள்விகள் சிலவற்றை வகுத்திருந்தார். தமிழில் கேட்டால் அவை ரொம்ப இயல்பானவை: இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஏன் இப்ப வந்துச்சு? இதுல உங்களுக்கு எதை நெனச்சா பயமா இருக்கு? நம் பாடத்திட்டத்தைத் திருத்துகிறவர்களுக்கே இந்தப் பணிவு தேவை என்பது 2024-ல் தெரிந்தது. ஒருபால் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களோடு மறுபடி சேர்த்து வெளியான வழிகாட்டுதலைத் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் செப்டம்பரிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இது குறித்துத் தெளிவாகப் பேசிய பிறகு நடந்தது இது.

யார் மருத்துவ மாணவராக வருகிறார் என்பதும் இந்தப் பேச்சில் சேரும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் 15 சதவீதத்தில் தமிழே தெரியாதவர்கள் இருப்பார்கள். 'மேலுக்கு முடியல', 'கிறக்கமா வருது' என்பதெல்லாம் அவர்களுக்குப் புதுசு. அதைவிட எனக்கு வியப்பளிப்பது, சென்னையிலும் கோவையிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்கு எல்லாம் புரிகிறது என்று நம்பிவிடுவது. மறுபக்கம், 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய அம்மாவே கூலி வேலைக்குப் போகிறவர். களப்பணியில் அவர்கள்தான் வகுப்பின் முன்னால் நடக்க வேண்டியவர்கள். நடைமுறையில் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசையில் இருப்பார்கள். தங்கள் பேச்சையும் மறைத்துக்கொள்வார்கள். ஊரில் அவர்கள் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலையும், மற்றவர்கள் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலையும் வகுப்பில் பக்கத்தில் வைத்துப் பேசினால் அதுவே ஒரு பருவத்துக்கான பாடம்.

ஆக, செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. 78 மணி நேரத்தில் பாதியையாவது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வையுங்கள். ஒரு பருவத்தில் நாலைந்து இரவாவது தங்கச் சொல்லுங்கள். மாணவிகளின் பாதுகாப்பு என்ற மறுப்பு உடனே வரும், நியாயமும்கூட. அதே ஊரில் கிராம சுகாதார செவிலியர் எத்தனை ராத்திரி தனியாகப் பிரசவத்துக்கு ஓடியிருக்கிறார் என்று அவரிடமே கேட்டுவிட்டு ஏற்பாடு செய்யலாம். அவர் வீடு, துணைச் சுகாதார நிலையம், அரசு விடுதி என்று இடங்கள் உண்டு. செவிலியரையும் தன்னார்வலரையும் மதிப்பீட்டில் உட்காரவைத்து, அதற்கு மதிப்பூதியம் கொடுங்கள். மாணவர் எத்தனை முறை போனார் என்பதை வருகைப் பதிவேடு சொல்லிவிடும். அந்தக் குடும்பம் அவரிடம் உண்மையைச் சொன்னதா என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். ரத்தப் பரிசோதனை எடுத்தால் முடிவை அந்த வீட்டுக்கே கொண்டுபோய்ப் புரியும்படி சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்பது மலைக் கிராமங்களின் பழைய புகார். மூன்றாவது கட்டம் முடிந்து மாணவர் விடைபெறும்போது அந்தக் குடும்பத்தை அடுத்த வகுப்பில் ஒருவரிடம் நேரில் கூட்டிப்போய் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், ஆனால் இதில் பாதிக்கு ஆசிரியரே வேண்டாம்.

ஒரு சிக்கல் மட்டும் கல்லூரிக்குள் தீராது. அகமலை ஊராட்சியில் ஊத்துக்காடு, குறவன்குழி போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. அவை தேனி மாவட்டம். சின்னூர், பெரியூர் கதை வேறு. காகிதத்தில் அவை திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம், வெள்ளகெவி ஊராட்சி. மக்கள் இறங்குவதோ கல்லாற்றைக் கடந்து பெரியகுளத்துக்கு. ஆற்றில் வெள்ளம் வந்தால் டோலியோடு கரையில் நிற்க வேண்டியதுதான். பெரியகுளம் அரசு மருத்துவமனையில் முடியவில்லை என்றால் அடுத்து க.விலக்கு. 2022-ல் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட எல்லையைப் பார்த்துக் குடும்பங்களைப் பிரித்தால் இந்த இரண்டு ஊர்களும் திண்டுக்கல் கணக்கில் விழும்; அங்கிருந்து ஒரு மாணவர் இவர்களைப் பார்க்கத் தேனி மாவட்டத்துக்குள் வந்து பெரியகுளத்திலிருந்து மலையேற வேண்டும். ஆற்றைக் கடக்க முடியாத நாட்களில் அந்த ஊர்க்காரர் எந்தக் கல்லூரியின் குடும்பம் என்பதை இரண்டு முதல்வர்களும் உட்கார்ந்து பேசினால் ஒரு மதியத்தில் முடிவு செய்துவிடலாம். அதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை.